போர் தண்ணி வீட்டுக்கு டைல்ஸ், குழாய், கீசர்: கடைக்குப் போறதுக்கு முன்னால

வள்ளியூர்_புதுவீடு | 14 ஜூன் 2025, காலை 6:50

வள்ளியூருக்கும் ராதாபுரத்துக்கும் நடுவுல, தரைத்தளம் மட்டும், 1,150 சதுர அடி. ரூம் எல்லாம் பூசியாச்சு. பாத்ரூம் மட்டும் பூசலை, குழாயும் இன்னும் செவுத்துக்குள்ள போகலை. கடைக்காரர் எல்லாத்தையும் ஒரே பேக்கேஜா தாரேங்கார்: வீடு முழுக்க 2×4 அடிப் பளபள டைல்ஸ், ரெண்டு பாத்ரூமுக்கும் செவுத்துல தொங்குற வால் ஹங் கக்கூஸ் கோப்பை, கன்சீல்டு டைவர்ட்டர் (சுடுதண்ணியும் பச்சைத் தண்ணியும் கலந்து விடுற, செவுத்துக்குள்ள பதிக்கிற குழாய்), 8 அங்குல ரெயின் ஷவர், 15 லிட்டர் கீசர், ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின், அடுப்பங்கரைக்குச் சிம்னி. தண்ணி போர்வெல்தான். பஞ்சாயத்துக் குழாய்ல ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஆத்துத் தண்ணி வரும். மொத்தமா வாங்குனா விலை நல்லாவே இறங்குது. எதை வாங்கலாம், எதை விடலாம்?

பாளை_பிளம்பிங் | 14 ஜூன் 2025, காலை 8:05

தண்ணி ரிப்போர்ட் எங்க? டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்குற மொத்த உப்பு) மீட்டரை முக்கிப் பார்த்தா மட்டும் போதாது, கடினத்தன்மை (கால்சியம், மெக்னீசியம் அளவு) தனியா வேணும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்துல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேற தண்ணிக்கு வழியில்லைன்னா 600 வரை அனுமதி. அது குடிக்கிறவனுக்கு. கீசருக்கும் குழாய்க்கும் 200 தாண்டினாலே வெள்ளை படிய ஆரம்பிச்சிரும். பம்பை அஞ்சு நிமிசம் ஓடவிட்டு, பாட்டிலை அந்தத் தண்ணியாலயே கழுவிட்டு, ஒரு லிட்டர் பிடிச்சுக் குடுங்க. ரிப்போர்ட் கைக்கு வராம பேக்கேஜுக்கு முன்பணம் குடுக்காதீங்க.

அம்பை_ஆத்தங்கரை | 14 ஜூன் 2025, காலை 9:30

எங்களுக்கு இந்தக் கவலையே கிடையாது வே. சோப்பு போட்டா நுரை போகத்தான் நேரமாகும்.

டைல்ஸ்_கொத்தனார் | 14 ஜூன் 2025, இரவு 9:15

பாக்ஸ் கணக்குலருந்து ஆரம்பிக்கேன், அங்கதான் எல்லாரும் இடறுதாங்க. 2×4ன்னு சொல்லுறது பேச்சுக்குத்தான், கல்லு 600×1200 மி.மீ. ஒரு பாக்ஸ்ல ரெண்டு கல்லு, 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. கடையில 16ன்னு வச்சுக் கணக்குச் சொல்லுவாங்க. செவுத்துத் தடிமனும் பாத்ரூமும் கழிச்சு உங்க தரை 950 அடின்னு வச்சுக்கிடுங்க. 16ஆல வகுத்தா 60 பாக்ஸ். அந்த 60 பாக்ஸை வெட்டே இல்லாம விரிச்சாலும் 930 அடிதான் மூடும். 15.5ஆல வகுத்து, 7 சதவீதம் கழிவு சேர்த்தா 66 பாக்ஸ். இதுல ஸ்கர்ட்டிங் (செவுத்தடியில ஒட்டுற பட்டை) சேரலை. ஒரு கல்லை நீளவாக்குல அஞ்சாக் கிழிச்சா நாலரை அங்குலப் பட்டை கிடைக்கும், ஒரு கல்லுக்கு 19 அடி ஓட்டம். 200 அடி ஸ்கர்ட்டிங்குக்கு 11 கல்லு, அதாவது 6 பாக்ஸ். பின்னால குழாய் ரிப்பேருக்குத் தோண்டினா ஒட்டுறதுக்கு 2 பாக்ஸ் பரண்ல கிடக்கணும். ஆக 74. கடைக்காரர் சொல்ற 60க்கும் இதுக்கும் 14 பாக்ஸ் வித்தியாசம். பாதி வேலையில தீர்ந்து போய் திரும்ப வாங்கப் போனா அதே ஷேடு கிடைக்காது. டைல்ஸ் செய்யுற குஜராத் மோர்பி சூளையில ஒவ்வொரு தடவை சுடும்போதும் நிறம் ஒரு நூல் மாறும். அதுக்குத்தான் பாக்ஸ் பக்கவாட்டுல ஷேடு நம்பர், பேட்ச் நம்பர் அச்சடிச்சிருக்கான். லாரி நிக்கும்போதே எல்லா பாக்ஸையும் பாருங்க. ஒண்ணு மாறினாலும் அப்பவே திருப்பி அனுப்பிருங்க, பிரிச்ச பாக்ஸை எவனும் வாங்க மாட்டான்.

அடுத்தது ஒட்டுறது. இந்த 2×4 மாதிரி இறுகச் சுட்ட விட்ரிஃபைடு கல்லு தண்ணி குடிக்கிறது அரை சதவீதத்துக்கும் கம்மி. சிமென்ட் பால் ஊத்தி வச்சா அதுக்குள்ள இறங்காது, வேர் பிடிக்காது. 2×2 வரைக்கும் தரையில கலவை மெத்தை போட்டு வச்சுச் சமாளிக்கலாம். 2×4ன்னா அட்ஹெசிவ்தான், சுவர்ல எந்த அளவு விட்ரிஃபைடா இருந்தாலும் அட்ஹெசிவ்தான். 20 கிலோ மூட்டை, 3 மி.மீ. கனத்துக்கு 45 அடி, கொஞ்சம் தாராளமாப் போனா 50. அதுக்கு முன்னால தரை மட்டமா இருக்கணும். ரெண்டு மீட்டர் மட்டப்பலகையை வச்சா அடியில 3 மி.மீக்கு மேல இடைவெளி தெரியக் கூடாது. அதனால 2×4 எடுத்தா முதல்ல மட்டக்கலவை ஒரு வேலை, காஞ்ச பிறகு ஒட்டுறது இன்னொரு வேலை. கூலி பேசும்போது இதைப் பிரிச்சுப் பேசுங்க.

பல்லுக் கரண்டியால ஒரே திசையில இழுத்து, கல்லு முதுகுலயும் மெல்லிசாத் தடவி, ரப்பர் சுத்தியலால தட்டணும். நாலு மூலையிலயும் நடுவுலயும் உருண்டை வச்சு அமுக்குறவன் வந்தா வேலையை நிறுத்துங்க. உருண்டைக்கு நடுவுல காத்துதான் இருக்கும். பீரோ காலோ அம்மிக்குழவியோ விழுந்தா அந்த இடத்துலதான் கல்லு உடையும். ரெண்டு நாள் கழிச்சுக் கட்டையால தட்டிப் பாருங்க, பொக்குச் சத்தம் கேட்டா அந்தக் கல்லைக் கழட்டச் சொல்லுங்க.

ஜாயின்டே தெரியக் கூடாதுன்னு கேக்குதாங்க. 2 மி.மீ. ஸ்பேசர் இல்லாம வைக்கக் கூடாது. சுவரை ஒட்டி 6லருந்து 8 மி.மீ. விடணும், அது ஸ்கர்ட்டிங்குக்கு அடியில மறைஞ்சிரும். சித்திரை வெயில்ல கல்லு நீளும். போக இடம் இல்லைன்னா நடுக்கூடத்துல கூரை மாதிரி ரெண்டு கல்லு எழும்பி நிக்கும்.

டைல்ஸ்_கொத்தனார் | 14 ஜூன் 2025, இரவு 9:40

விட்டுப்போச்சு. 2×4ஐச் செங்கல் கட்டு மாதிரி பாதிக்குப் பாதி மாத்தி வைக்கச் சொல்லாதீங்க. நீளக் கல்லு நடுவுல லேசா வில்லு மாதிரி வளைஞ்சுதான் வரும், அது கம்பெனி குத்தம் இல்லை. ஒரு கல்லோட நடு, பக்கத்துக் கல்லோட முனைக்கு நேரா வந்தா விளிம்பு தட்டும், வெறுங்காலுக்கு நல்லாவே தெரியும். மாத்தி வைக்கணும்னா மூணுல ஒரு பங்கு. நேர்கோடா வச்சா இன்னும் நல்லது.

கயத்தாறு_கரிசல் | 15 ஜூன் 2025, காலை 7:10

எல்லாரும் மேல பூசுறதையே பேசுதிய. அடியில என்ன மண்ணு? எங்க பக்கம் கரிசல். மழையில உப்பும், கோடையில வெடிக்கும். அஸ்திவாரத்துக்குத் தோண்டின கரிசலையே பேஸ்மென்டுக்குள்ள திரும்ப அடைச்சா எந்த டைல்ஸ் போட்டாலும் ஒரு வருசத்துல மூலையில இறங்கி, ஸ்கர்ட்டிங்குக்கும் தரைக்கும் நடுவுல விரல் போகும். அந்த மண்ணை வெளிய தள்ளிட்டு கிராவல் அடிக்கணும். 6 அங்குலத்துக்கு ஒரு அடுக்கு, தண்ணி விட்டு இடிச்சு, அடுத்த அடுக்கு. மேல 4 அங்குலம் ஜல்லி கான்கிரீட்.

வள்ளியூர்_புதுவீடு | 15 ஜூன் 2025, காலை 7:45

இங்க செம்மண். கிராவல் போட்டு, ஒரு மழையும் தண்ணி குடிச்சாச்சு. ஜல்லியும் போட்டாச்சு.

பாளை_பிளம்பிங் | 15 ஜூன் 2025, பகல் 1:20

செம்மண்ணுன்னா வெளிச்சத்துக்கு வெள்ளை டைல்ஸ் எடுக்காதீங்க. ஆனி, ஆடிக் காத்துக்கு வீடு பூரா சிவப்புப் பொடிதான். தந்தம், சாம்பல், இல்லைன்னா லேசாக் கோடு ஓடின டிசைன் எடுங்க.

ஆக்சைடு_ரசிகர் | 15 ஜூன் 2025, மாலை 4:00

தார்சாவுக்கும் (முன்கூடம்) பட்டாசலுக்கும் (நடுக்கூடம்) சிவப்பு ஆக்சைடு தரை போட்டா என்ன? பத்தமடைப் பாயை விரிச்சுப் படுத்தா அது தரை. டைல்ஸ்ல வேர்வை ஒட்டுது.

டைல்ஸ்_கொத்தனார் | 15 ஜூன் 2025, இரவு 8:50

போடலாம், ஆள் இருந்தா. சிவப்புத் தரைக்கு உயிர் கடைசி மெருகுல இருக்கு. மேல்பூச்சு இறுகுற நேரம் பார்த்துக் கரண்டியால அழுத்தித் தேய்க்கணும். முந்தினா நீர் பூக்கும், பிந்தினா ஏறாது. ஒரே நாள்ல ஒரு ரூம் முடியணும், மறுநாள் தொடர்ந்தா ஒட்டு தெரியும். பெரிய ரூமா இருந்தா நாலடிக்கு ஒரு கண்ணாடிப் பட்டி வச்சுக் கட்டம் பிரிச்சிரணும், இல்லைன்னா வெடிப்பு தன் இஷ்டத்துக்கு ஓடும். ஒரு வாரம் தண்ணி நிக்கணும், அந்த ஒரு வாரம் ஆசாரி, பெயின்டர் எவனும் உள்ள வரக் கூடாது. இதுக்கெல்லாம் ஒத்துக்கிட்டா தார்சா மட்டும் போடுங்க. புளி, எலுமிச்சை சிந்துற அடுப்பங்கரையில வேண்டாம், மெருகு தின்னுரும்.

ஆத்தங்குடிக் கல்லும் இதே ரகந்தான். சூளைக்குப் போகாத கல்லு அது. கண்ணாடி மேல வார்த்துத் தண்ணியில பதப்படுத்துறது. தார்சாவுக்கு அழகு. பாத்ரூமுக்குக் கேக்காதீங்க.

வள்ளியூர்_புதுவீடு | 21 ஜூன் 2025, மாலை 6:30

ரிப்போர்ட் வந்தாச்சு. போர்: டி.டி.எஸ். 1,420, கடினத்தன்மை 520. குழாய்த் தண்ணி: டி.டி.எஸ். 160, கடினத்தன்மை 70. வாட்டர் சாஃப்ட்னர் போட்டா எல்லாம் சரியாயிரும்னு கடையில சொல்லுதாங்க, அதையும் பேக்கேஜ்ல சேர்த்திருக்காங்க.

பாளை_பிளம்பிங் | 21 ஜூன் 2025, இரவு 10:05

சாஃப்ட்னர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கிட்டு சோடியத்தைக் குடுக்கும். டி.டி.எஸ். இறங்காது, உப்புக் கரிப்பும் போகாது. கணக்கு இப்படி: சாஃப்ட்னருக்குள்ள இருக்குற ரெசின் மணி ஒரு லிட்டர் சுமாரா 50 கிராம் கடினத்தைப் பிடிக்கும். 25 லிட்டர் ரெசின்னா 1,250 கிராம். உங்க தண்ணியில லிட்டருக்கு 0.52 கிராம். ஆக 2,400 லிட்டர். அஞ்சு பேர் வீட்டுல ஒரு நாளைக்கு 500 லிட்டர் ஓடினா அஞ்சு நாளைக்கு முன்னாலயே கல் உப்பு போட்டுக் கழுவணும். ஒரு தடவைக்கு 3லருந்து 4 கிலோ, மாசத்துக்கு ஒரு மூட்டை. அந்தக் கழிவுத் தண்ணியை வாழைக்கு விட்டா வாழை போயிரும். முழு வீட்டுக்கும் சாஃப்ட்னர்ங்கிறது உங்க நம்பருக்கு ஒத்து வராது.

உங்ககிட்ட 70 கடினத்துல ஆத்துத் தண்ணி இருக்கு. அதை ஏன் குடத்துல மட்டும் பிடிக்கணும்? ரெண்டு லைன் போடுங்க. கீழ ஒரு சம்பு, குழாய்த் தண்ணி அதுல விழட்டும். மேல ரெண்டு டேங்க்: போருக்கு 1,000 லிட்டர், ஆத்துத் தண்ணிக்கு 500 லிட்டர். ஆத்து லைன்ல கீசர், அடுப்பங்கரை சிங்க், வாஷிங் மெஷின். போர் லைன்ல ஃபிளஷ் டேங்க், ஹெல்த் ஃபாசெட், வாளிக் குழாய், புறவாசல், தோட்டம். செவுத்துல காடி எடுக்கிறதுக்கு முன்னால கேட்டீங்க, நல்லது. இப்ப இதுக்குக் குழாய்ச் செலவும் ஒரு டேங்கும் மட்டுந்தான். டைல்ஸ் ஒட்டின பிறகு கேட்டா உடைக்கிற செலவு.

சுடுதண்ணி லைன் மொத்தமும் சூடு தாங்குற சி.பி.வி.சி. குழாய், பச்சைத் தண்ணிக்கு யு.பி.வி.சி. போதும். மெயின் முக்கால் அங்குலம், குழாய்க்கு இறங்குறது அரை.

கரண்ட்_கம்பி | 22 ஜூன் 2025, காலை 6:15

ரெண்டு லைன் யோசனை சரி, ஆனா அப்படியே செஞ்சா ஷவர்ல சிக்கல் வரும். டைவர்ட்டர்ல சுடுதண்ணி ஒரு டேங்க்லருந்தும் பச்சைத் தண்ணி இன்னொரு டேங்க்லருந்தும் வந்தா, எந்த டேங்க் உசரமோ அது மத்த லைனைப் பின்னால தள்ளும். ஷவரைத் திறந்து மூடுற நேரத்துல போர் தண்ணி டைவர்ட்டர் வழியா கீசருக்கே ஏறும். எதுக்குக் கீசரைக் காப்பாத்தப் போனோமோ அதுவே கெட்டுப் போகும்.

பாளை_பிளம்பிங் | 22 ஜூன் 2025, காலை 7:00

சரியான பிடி. டைவர்ட்டருக்கு ரெண்டு பக்கமும் ஆத்து லைனே குடுங்க. போர் லைன் டைவர்ட்டர் பக்கமே வரக் கூடாது, வாளிக் குழாயோட நிக்கட்டும். கீசர் இன்லெட்ல தண்ணி பின்னால திரும்பாம தடுக்குற நான் ரிட்டர்ன் வால்வு. கீசரோட வர்ற பாதுகாப்பு வால்வுல சூடாகும்போது சொட்டுச் சொட்டா தண்ணி விழும், அது அழுத்தத்தை இறக்குற வேலை. ஒழுகுதுன்னு டம்மி போட்டு அடைச்சிராதீங்க, டேங்க் வெடிக்கும். அடியில ஒரு சின்ன டியூப் போட்டு தரையில தண்ணி வடியுற நாணி ட்ராப்புக்கு விட்டுருங்க.

கீசர் 15 லிட்டர், 2 கிலோவாட் போதும். 28 டிகிரித் தண்ணி 60க்கு வர 17 நிமிசம், அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல. கண்ணாடிப் பூச்சு டேங்கா, உள்ள மெக்னீசியக் கம்பி இருக்கான்னு கேளுங்க. டேங்கை விட்டுட்டு துரு அந்தக் கம்பியைத் தின்னும். கம்பி கரைஞ்சு போனா அடுத்தது டேங்க்தான். ஆத்துத் தண்ணியில ரெண்டு வருசத்துக்கு ஒருக்காக் கழட்டிப் பார்த்தாப் போதும், போர் தண்ணியில வருசா வருசம்.

அம்பை_ஆத்தங்கரை | 22 ஜூன் 2025, காலை 8:20

அண்ணாச்சி, வள்ளியூர் வெயிலுக்குச் சித்திரையில டேங்க் தண்ணியே கீசர்தான. பச்சைத் தண்ணிக்குத்தான் மெஷின் கண்டுபிடிக்கணும்.

பாளை_பிளம்பிங் | 22 ஜூன் 2025, இரவு 9:30

ரெயின் ஷவர் கேட்டிருந்தாங்க. பத்து மீட்டர் உசரத்துக்கு ஒரு பார் அழுத்தம். உங்க மாடி 10 அடி, அதுக்கு மேல டேங்க் மேடை 3 அடி. ஷவர் 7 அடியில. டேங்க் காலியாகுற நேரத்துல 6 அடி வித்தியாசம், 0.18 பார். டேங்க் நிறைஞ்சா 0.3 பார். 8 அங்குல ஷவர் அட்டையில பெரும்பாலும் 1 பார்னு போட்டிருப்பான். நடுவுல நாலு ஓட்டையில மட்டும் ஒழுகும். 4 அங்குல சாதாரண ஷவரே இந்த உசரத்துக்கு நல்லா வரும்.

ரெயின் ஷவர்தான் வேணும்னா அரை எச்.பி. பிரஷர் பம்ப் வைக்கணும். கரண்ட் போனா பம்ப் நிக்கும், அதுக்கு ஒரு பைபாஸ் லைன். பம்ப் வச்சா குழாய் ஜாயின்ட் எல்லாத்தையும் அழுத்தத்துல சோதிச்சே ஆகணும். பம்ப் வச்சாலும் வைக்காட்டியும் பூச்சுக்கு முன்னால கைப்பம்பு, கேஜ் மாட்டி ராத்திரி பூரா விடுங்க. காலையில முள் இறங்கியிருந்தா எங்கயோ ஒழுகுது.

ஃப்ரன்ட் லோடு மெஷினுக்கும் இதே கணக்குத்தான். சில மாடலுக்கு 0.3 பார் போதும், சிலதுக்கு 0.5 கேக்கும். மெஷின் குழாய் 3 அடி உசரத்துல இருந்தா டேங்க் காலியில 10 அடி, 0.3 பார். விளிம்புல நிக்குது. கடையில அட்டையைப் படிச்சிட்டு வாங்குங்க. டேங்க் மேடையை 3 அடிக்குப் பதிலா 6 அடி ஆக்கினா ஷவர், மெஷின் ரெண்டுக்கும் ஒரே மருந்து. ஆத்து டேங்க், போர் டேங்க் ரெண்டையும் ஒரே மட்டத்துல வைங்க.

வள்ளியூர்_புதுவீடு | 23 ஜூன் 2025, காலை 6:40

மேடை 6 அடி ஆக்கச் சொல்லிட்டேன். கோப்பை வால் ஹங் எடுக்கலாமா?

பாளை_பிளம்பிங் | 23 ஜூன் 2025, காலை 8:15

வால் ஹங் கூட்டுறதுக்கு வசதி. ஆனா கன்சீல்டு ஃபிளஷ் டேங்கும் இரும்பு ஃப்ரேமும் செவுத்துக்குள்ள போகுது. 4 அங்குலச் செவுருன்னா ஃப்ரேம் காலு தரைக் கான்கிரீட்டுல போல்ட் ஆகணும், செங்கலை நம்பக் கூடாது. உங்க ஃபிளஷ் டேங்க் போர் லைன்ல இருக்கு, 520 கடினத்துல மிதவை வால்வும் ரப்பர் வாஷரும் சீக்கிரம் வெள்ளை கட்டும். கன்சீல்டுல அந்த வால்வை பட்டன் தட்டுக்குப் பின்னால இருக்குற ஓட்டை வழியாத்தான் எடுக்கணும். அந்த மாடலோட வால்வு திருநெல்வேலியில கிடைக்குமான்னு முதல்ல விசாரிங்க. எனக்குக் கேட்டா, உங்க தண்ணிக்குத் தரையில நிக்குற ஒரே பீஸ் கோப்பை, மூடி திறந்தா எல்லாம் கையில.

தரைக் கோப்பைன்னா கழிவுக் குழாய் எங்க வரணும்ங்கிறதை மாடல் அட்டையைப் பார்த்து முடிவு பண்ணுங்க. கழிவு தரைக்குள்ள இறங்குற எஸ் ட்ராப்புல 9 அங்குலமும் உண்டு, 12 அங்குலமும் உண்டு. அந்த அளவு டைல்ஸ் முகத்துலருந்து. வெறும் செங்கல்லருந்து 9 அளந்து குழாயை நட்டா, பூச்சு, அட்ஹெசிவ், டைல்ஸ் எல்லாம் சேர்ந்து ஒன்றரை அங்குலம் தின்னுரும், மிச்சம் ஏழரை. கோப்பை செவுத்துல இடிக்கும். கழிவு செவுத்து வழியாப் போற பி ட்ராப்புக்கு வெளிக்குழாய் நடு 180 மி.மீ., அதுவும் முடிஞ்ச தரையிலருந்து.

டைவர்ட்டர் பாடியிலயும் இதே கதை. மேல மாட்டியிருக்குற பிளாஸ்டிக் மூடியில குறைஞ்சது, கூடுனதுன்னு ரெண்டு கோடு இருக்கும். டைல்ஸ் முகம் அந்த ரெண்டுக்கும் நடுவுல வரணும். உள்ள புதைஞ்சா கைப்பிடி எட்டாது, வெளிய துருத்தினா வட்டத் தட்டு செவுத்துல உக்காராது.

டைல்ஸ்_கொத்தனார் | 23 ஜூன் 2025, இரவு 9:00

பாத்ரூம் தரையைப் பத்தி. பளபள வேண்டாம், வழுக்குத் தரம் ஆர்10 இல்லைன்னா ஆர்11 கேளுங்க. ரொம்பச் சொரசொரப்பா எடுத்தாலும் போர் தண்ணி உப்பு குழியில உக்காந்துக்கிடும், தேய்க்க முடியாது. கை வச்சா லேசாப் பிடிக்கிற மேட் போதும். 1×1 அளவுல எடுத்தா நாலு பக்கமும் வாட்டம் இறக்க வசதி. அடிக்குக் கால் அங்குலம் வாட்டம், குறைஞ்சது அடிக்கு ரெண்டு நூல்... அதாவது அதே கால் அங்குலந்தான், இதுக்குக் கீழ ஒத்துக்காதீங்க. ரூம் தரையிலருந்து பாத்ரூம் வாசல் முக்கால் அங்குலம் இறங்கி இருக்கணும்.

நீர்க்கசிவு மருந்து அடிச்ச பிறகு ட்ராப்பை அடைச்சு, ரெண்டு அங்குலம் தண்ணி நிறுத்தி 48 மணி நேரம் பாருங்க. அதுக்குப் பிறகுதான் டைல்ஸ். மருந்து செவுத்துலயும் ஒரு அடி ஏறணும், ஷவர் பக்கம் ஆறடி.

ஜாயின்டை அடைக்கிற கிரவுட், பாத்ரூமுக்கு எபாக்ஸி (பிசின் கலவை). சிமென்ட் கிரவுட் உப்பைக் குடிக்கும், ஆசிட் ஊத்தினா கரையும். எபாக்ஸியைக் கலந்தா இறுகுறதுக்குள்ள முடிக்கணும், அதனால கொஞ்சம் கொஞ்சமாக் கலக்கச் சொல்லுங்க. டைல்ஸ் மேல பட்டதை உடனே ஸ்பாஞ்சால துடைக்காட்டி மங்கலா ஒரு படலம் நிக்கும், மேட் டைல்ஸ்ல அது போகவே போகாது.

பாளை_பிளம்பிங் | 24 ஜூன் 2025, காலை 7:30

ஆசிட் பேச்சு வந்ததால: குரோம் குழாய்ல வெள்ளை படிஞ்சா கக்கூஸ் கழுவுற ஆசிட்டைத் தொடாதீங்க, மேல்பூச்சு உரிஞ்சு பித்தளை தெரியும். குழாய் முனையில இருக்குற சல்லடையைக் கழட்டி எலுமிச்சை உப்புக் கரைசல்ல 20 நிமிசம் போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க. குழாய் வாங்கும்போது கையில தூக்கிப் பாருங்க, பித்தளை கனக்கும். துத்தநாகக் கலவை லேசா இருக்கும், உப்புத் தண்ணியில மரையே நொறுங்கும். போர் லைன்ல மணலும் வரும், அதனால டேங்க்லருந்து இறங்குற இடத்துல ஒரு வடிகட்டி. இல்லைன்னா கால் வட்டம் திருப்பினாலே திறக்குற குழாயோட செராமிக் தட்டுல மணல் கீறி, ஆறு மாசத்துல சொட்ட ஆரம்பிக்கும்.

கரண்ட்_கம்பி | 28 ஜூன் 2025, இரவு 8:10

மெஷின் வாங்குறதுக்கு முன்னால வயர் கணக்கு. ஏ.சி. ஒவ்வொண்ணுக்கும் தனி லைன் 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர், கீசருக்கும் தனி லைன், இண்டக்‌ஷனுக்கும் தனி லைன். அடுப்பங்கரையில ஒரே 2.5 லைன்ல இண்டக்‌ஷன், மைக்ரோவேவ், கெட்டில் மூணையும் கோர்த்தா இட்லி அவிக்கிற நேரத்துல எம்.சி.பி. சுவிட்ச் தானா விழும். விழாட்டி இன்னும் மோசம், வயர் சூடாகும். பாத்ரூம் லைனுக்கு கரண்ட் கசிஞ்சா உடனே அணைக்கிற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

ஃபேன்: சாதாரணது 75 வாட், கரண்ட் கம்மியா இழுக்குற பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட், 22 யூனிட். அஞ்சு ஃபேனுக்கு 160 யூனிட் மிச்சம். இலவச யூனிட் போக, மேல ஏற ஏற யூனிட் விலையும் ஏறுது. அதனால பேக்கேஜ்ல சிம்னியை விட்டுட்டு ஃபேனை மாத்துனா நல்லது.

வள்ளியூர்_புதுவீடு | 28 ஜூன் 2025, இரவு 8:45

சிம்னி வேண்டாமா? மீன் பொரிச்சா பட்டாசல் வரைக்கும் வருது.

கரண்ட்_கம்பி | 28 ஜூன் 2025, இரவு 9:20

வேண்டாம்னு இல்லை, இடம் பார்த்து வைக்கணும். நீங்க ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்துக்கு நேரா இருக்கீங்க. முப்பந்தல்ல காத்தாலை சும்மா நடலை. சிம்னிக் குழாய் வாய் மேற்குச் செவுத்துல இருந்தா ஆனி, ஆடியில வெளிய போற புகையை விட உள்ள வர்ற தூசிதான் அதிகம். கிழக்கு இல்லைன்னா வடக்குச் செவுத்துல விடுங்க, வாய்ல ஒருவழி மூடியும் வைங்க. 6 அங்குலக் குழாய், வளைவு ஒண்ணுக்கு மேல வேண்டாம், அடுப்புலருந்து 26லருந்து 30 அங்குல உசரம். குழாயே இல்லாம கரியில வடிகட்டி உள்ளயே திருப்பி விடுற வகை, நம்ம தாளிப்புக்கு அது விளக்குப் போட்ட அலமாரிதான்.

கொக்கிரகுளம்_வாசகி | 29 ஜூன் 2025, காலை 10:00

அடுப்பங்கரை அலமாரியையும் சொல்லுங்க. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு ஆத்தங்கரைப் பக்கம் கீழ் அலமாரிக்குப் பிளைவுட் போடத் தயங்குறாங்க. கீழ ரெண்டு அடிக்குக் கடப்பாக் கல் தட்டு, கதவு மட்டும் டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) இல்லைன்னா அலுமினியம். சாக்கடை லைன் வீட்டை விட்டு வெளிய போற இடத்துல நான் ரிட்டர்ன் வால்வு. தெருவுல தண்ணி ஏறினா முதல்ல பாத்ரூம் ட்ராப் வழியாத்தான் வீட்டுக்குள்ள வரும், வாசல் வழியா வர்றது பிறகுதான்.

மேடை உசரம் பேக்கேஜ்ல 36 அங்குலம் போட்டிருப்பாங்க. நம்ம ஆளுங்க உசரத்துக்கு 33. கிரைண்டர் வைக்கிற இடம் 28ஆ இறக்கிப் போட்டா மாவு வழிக்கத் தோள் வலிக்காது. கறுப்பு கிரானைட்டுன்னா சிங்க் குழாய் ஆத்து லைன்லதான் இருக்கணும், போர் தண்ணி சொட்டுன இடமெல்லாம் வெள்ளை வளையம்.

வள்ளியூர்_புதுவீடு | 5 ஜூலை 2025, காலை 7:00

பேக்கேஜை உடைச்சாச்சு. டைல்ஸ் மட்டும் அங்க, 74 பாக்ஸ், ஒரே பேட்ச்னு பில்லுல எழுதி வாங்கினேன். கோப்பை தரையில நிக்கிறது, ஷவர் 4 அங்குலம். சாஃப்ட்னர் இல்லை. விலை கூடுச்சான்னு பார்த்தா சாஃப்ட்னரும் ரெயின் ஷவரும் போனதுல கிட்டத்தட்ட சரியாப் போச்சு. நிலை எல்லாம் நட்டாச்சு, தரை ஏறினா கதவு இடிக்குமா?

டைல்ஸ்_கொத்தனார் | 5 ஜூலை 2025, இரவு 8:30

மட்டக்கலவை, அட்ஹெசிவ், கல்லு எல்லாம் சேர்த்து இப்ப இருக்குற ஜல்லிக்கு மேல ரெண்டு அங்குலம் ஏறும். டியூப் லெவல் வச்சு வாசல்படியிலருந்து எல்லா நிலையிலயும் ஒரு கோடு போடுங்க, அந்தக் கோட்டுலருந்து கீழ அளந்தா எங்க பள்ளம்னு தெரிஞ்சிரும். கதவை ஆசாரி மாட்டுறது டைல்ஸ் முடிஞ்ச பிறகு. முன்னாலயே மாட்டிட்டா அடியை அறுக்கணும், அறுத்த இடத்துல பாலிஷ் இருக்காது, கூட்டித் துடைக்கிற ஈரம் பூரா அது வழியா ஏறும்.

ஆக்சைடு_ரசிகர் | 6 ஜூலை 2025, காலை 9:10

தட்டட்டிக்கு (மொட்டை மாடி) என்ன? கூல் டைல்ஸா, பழைய சுட்ட மண் தட்டோடா?

டைல்ஸ்_கொத்தனார் | 6 ஜூலை 2025, இரவு 9:25

எதைப் போட்டாலும் அடியில வாட்டக்கலவையும் நீர்க்கசிவு மருந்தும் சரியா இருக்கணும், ஓடு தண்ணியைத் தடுக்காது. வெள்ளைக் கூல் டைல்ஸ் புதுசுல சூட்டை நல்லாக் குறைக்கும், ஆனா உங்க செம்மண் தூசிக்கு வருசத்துக்கு ரெண்டு தடவை கழுவாட்டி சிவந்துரும். தட்டோடு கழுவக் கேக்காது, மெதுவாத்தான் சூடேறும். டேங்க் மேடைக்குக் கீழயும் கைப்பிடிச் செவுரு மூலையிலயும் தட்டோடு உடைஞ்சா மாத்த ஒரு அம்பது ஓடு கூட வாங்கி வைங்க. டேங்க் மேடைக் காலு நாலையும் முதல்ல கட்டி முடிச்சிட்டுத்தான் ஓடு பதிக்கணும்.

வள்ளியூர்_புதுவீடு | 6 ஜூலை 2025, இரவு 9:50

மேடைக்கு நாளைக்குத்தான் கம்பி கட்டுதாங்க. அது முடியட்டும், தட்டோடு.